ஸ்டேஜிங்கில் கிடக்கும் நாட்கள்

மார்ச் 3, 2025

நிக்ஸ்பேக்கேஜஸில், அதாவது நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரின் களஞ்சியத்தில், பைத்தான் தேதிப் பேக்கேஜுக்குப் புதுப் பதிப்பு. இதைச் சார்ந்திருப்பதால் மறுபடி பில்ட் ஆக வேண்டியவற்றின் (ரீபில்ட்) எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுகிறது, எனவே முதன்மைக் கிளையான மாஸ்டருக்குப் போக முடியாது. நிக்ஸ்பேக்கேஜஸ் விதிப்படி ஐந்நூறைத் தொட்டால் ஸ்டேஜிங்கா (பெரிய மாற்றங்கள் சேர்ந்து காத்திருக்கும் கிளை) என்று யோசிக்க வேண்டும். ஆயிரம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை.

பைத்தானில் இதிலிருந்து தப்ப முடியாது. ரஸ்ட் புரோகிராம் ஒவ்வொன்றும் தன் கார்கோ லாக் கோப்பில் தனக்கு வேண்டிய பதிப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பைத்தானுக்கோ ஒரே ப்ராசஸில் ஒரு மாட்யூலின் இரண்டு பதிப்புகளை ஏற்றத் தெரியாது. க்ளோஷரில், அதாவது ஒரு பேக்கேஜ் சார்ந்திருக்கும் எல்லாவற்றின் தொகுப்பில், இரண்டு பதிப்பு கலந்தால் பில்டே நின்றுவிடும். ஊருக்கே ஒரே உலை. ஒருவர் உப்பை மாற்றினால் எல்லோர் சோற்றிலும் தெரியும்.

மார்ச் 4

ஹாஷ்.

வெர்ஷனை மாற்று, ஹாஷை (மூலக் கோடின் கைரேகை) காலி மேற்கோளாக்கு, பில்ட் ஓடி விழும்போது "காட்" என்ற வரியில் வரும் ஹாஷை எடுத்து ஒட்டு. இது எல்லோருக்கும் கைப்பழக்கம். நடுப்படியை மறந்தால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். வெர்ஷன் புதிது, ஹாஷ் பழையது. பிழை வரும் என்று நினைப்போம். வராது. கிட்ஹப்பிலிருந்து கோடை எடுக்கும் ஃபெட்ச்ஃப்ரம்கிட்ஹப் கொண்டுவருவதற்கு ஸ்டோரில் (நிக்ஸ் எல்லாவற்றையும் வைக்கும் அடைவு) வெறும் "சோர்ஸ்" என்றுதான் பெயர். பெயரும் ஹாஷும் ஒன்றென்றால் ஸ்டோர் பாதையும் ஒன்று. அந்தப் பாதை மெஷினில் ஏற்கெனவே இருந்தால் நிக்ஸ் இணையத்தின் பக்கமே போகாது. பழைய கோடு புதுச் சீட்டை ஒட்டிக்கொண்டு பச்சையாக, அதாவது வெற்றி என்று, வெளியே வரும்.

கிட் வரலாற்றிலிருந்து பதிப்பெண்ணை எடுக்கும் செட்டப்டூல்ஸ்-எஸ்சிஎம்மைப் பயன்படுத்தும் பேக்கேஜில் இன்னும் மோசம். நாம் இறக்கும் டார்பாலில் (கோப்புக்கட்டு) கிட் வரலாறு கிடையாது, ஆகவே பதிப்பெண்ணை நாமே என்விரான்மென்ட் வேரியபிளில் ஊட்டுகிறோம். பழைய கோடைக் கேட்டாலும் புது எண்ணைத்தான் சொல்லும்.

மார்ச் 5

ஸ்டேஜிங்கில் மெர்ஜ் ஆகிவிட்டது.

மார்ச் 8

தேதிப் பேக்கேஜின் டெஸ்ட் லாக்கின் கடைசி வரி: 412 பாஸ், 37 ஸ்கிப் (ஓடாமல் தாண்டியவை), 6 டிசெலக்டட் (நாமே அணைத்தவை). போன பதிப்பில் ஸ்கிப் 2.

37 ஏன்? டெஸ்டுகளை ஓட்டும் பைடெஸ்டுக்கு ஹைஃபன் ஆர்எஸ் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்கிப்புக்கும் காரணம் சொல்லும். ஒரு துணை நூலகம் டெஸ்ட் உள்ளீடுகளில் இல்லை. டெஸ்ட் கோப்பின் தலையில் பைடெஸ்ட்மார்க், ஸ்கிப்இஃப். நூலகம் கிடைக்காததால் கோப்பு முழுவதும் பேசாமல் நகர்ந்துவிட்டது. எக்ஸிட் கோடு சுழியம், அதாவது வெற்றி.

ஒரு டெஸ்டுமே அகப்படவில்லை என்றால் பைடெஸ்ட் 5 கொடுத்து விழும், அது நல்லது. அகப்பட்டதெல்லாம் ஸ்கிப் ஆனால் 0. பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்டில் பைத்தான் 3.11 வரை "சுழியம் டெஸ்ட் ஓடியது, ஓகே" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 3.12-இல்தான் அதற்கும் 5 வந்தது. டெஸ்டே இல்லாமல் பல காலம் பாஸ் ஆன பேக்கேஜ்கள் 3.12-இல் திடீரென்று விழுந்தால் பழியைப் பைத்தான்மேல் போடக் கூடாது.

நூலகத்தைச் சேர்த்து இன்னொரு பிஆர் (மாற்றக் கோரிக்கை). இந்த 37-ஐ மார்ச் 3 அன்றே பார்த்திருக்க வேண்டும். பச்சையைப் பார்த்தவுடன் லாக்கை மூடிவிடுவது கெட்ட பழக்கம்.

(டிசெலக்டட் 6. அணைக்கும் பட்டியலில் இரண்டு பெயர்தான். ஒரே டெஸ்ட் பல உள்ளீடுகளோடு ஓடுமாறு பாராமெட்ரைஸ் ஆனதாக இருக்கும்.)

மார்ச் 11

பட்டியலில் உள்ள இரண்டில் ஒன்று ஜிப் டெஸ்ட். காரணம் கிடைத்தது. ஸ்டோரில் எல்லாக் கோப்புக்கும் மாற்ற நேரம் 1970 ஜனவரி 1, ஒரு வினாடி. ஜிப் வடிவத்துக்கு 1980-க்கு முந்தைய தேதி தெரியாது. மாதிரிக் கோப்பை ஜிப்பில் போடப் போனவுடன் வேல்யூஎர்ரர். பைத்தான் பேக்கேஜை நிறுவ உதவும் வீல் கோப்பும் ஜிப்தான் என்பதால் பில்டுக்கு இந்தத் தொல்லை வராமல் இருக்கச் சோர்ஸ் டேட் எபாக் 315532800 என்று வைக்கப்படுகிறது, அதாவது சரியாக 1980 பிறக்கும் கணம். டெஸ்டுகள் அந்த வேரியபிளைப் பார்ப்பதில்லை. டெஸ்டுக்கு முன் ஓடும் ப்ரீசெக்கில் மாதிரிக் கோப்புகளை ஒரு தடவை டச் செய்து நேரத்தைப் புதுப்பித்தால் போதும். டெஸ்டை அணைக்கத் தேவையே இருக்கவில்லை.

அணைப்பதற்குமுன் காரணத்தைப் பக்கத்தில் கமெண்டாக எழுதினால் பாதி டெஸ்டுகள் அணைபடாது. பில்ட் நடக்கும் தனிக்கூண்டான சாண்ட்பாக்ஸ் செய்யும் கூத்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். நெட்வொர்க் இல்லை. ஹோம் என்பது ஹோம்லெஸ்-ஷெல்டர் என்ற இல்லாத அடைவு, எழுதப்போனால் விழும். உள்ளூர் நேரம் என்றால் யூடிசி. யூஎஸ்ஆர் அடைவுக்குள் எதையும் தேடிப் பயனில்லை.

மார்ச் 14

மாஸ்டருக்கு முந்தைய கிளையான ஸ்டேஜிங்-நெக்ஸ்டுக்கு வந்துவிட்டது. எல்லாவற்றையும் பில்ட் செய்து பார்க்கும் சர்வரான ஹைட்ராவில் சிவப்பு. நாற்பதுக்கு மேல் தெரிந்தாலும் பெரும்பாலானவை டிபென்டென்சி விழுந்ததால் விழுந்தவை. அவற்றை விட்டுவிட்டுத் தானாக விழுந்ததை மட்டும் தேடினால் ஒன்றே ஒன்று: ஒரு நாட்காட்டி பேக்கேஜ். ஐஎஸ்ஓ வார எண்ணைப் படிக்கும் இடத்தில் தவறான தேதி.

தேதிப் பேக்கேஜிலேயே இதற்கு டெஸ்ட் இருக்கிறதே?

மார்ச் 15

6.

டிஸேபிள்ட்டெஸ்ட்ஸ் பட்டியலில் "டெஸ்ட்_பார்ஸ்" என்று ஒரு பெயர், எப்போதோ யாரோ போட்டது. அந்தப் பட்டியல் பைடெஸ்டின் ஹைஃபன் கே தெரிவாக மாறுகிறது. அது முழுப் பெயரைப் பார்ப்பதில்லை, பெயருக்குள் அந்தத் துண்டு இருந்தாலே போதும். டெஸ்ட்_பார்ஸ்_ஐஎஸ்ஓ, டெஸ்ட்_பார்ஸ்_ஐஎஸ்ஓ_வீக், இன்னும் இரண்டு, எல்லாம் கூடவே அடித்துக்கொண்டு போய்விட்டன. ஐந்தும் ஜிப் டெஸ்டும் சேர்ந்து ஆறு. எட்டாம் தேதியே அடைப்புக்குறிக்குள் எழுதிவைத்துவிட்டுத் தாண்டிப் போன ஆறு.

அப்ஸ்ட்ரீமில் (பேக்கேஜை எழுதுபவர்களிடம்) இந்தப் பிழை தெரிந்ததுதான், திருத்தமும் அங்கே கமிட் ஆகிவிட்டது. அந்த டெஸ்ட் ஓடியிருந்தால் முதல் நாளே விழுந்திருக்கும்.

மார்ச் 16

சரியாக ஒன்றை மட்டும் அணைப்பது எப்படி? டிசெலக்ட் தெரிவில் கோப்பு, இரட்டை முக்காற்புள்ளி, டெஸ்ட் பெயர் என்று முழு முகவரி கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. அதுவும் முகவரியின் தொடக்கத்தைத்தான் ஒப்பிடுகிறது. டெஸ்ட்_பார்ஸ் என்று முடித்தால் டெஸ்ட்_பார்ஸ்_ஐஎஸ்ஓவும் அதே தொடக்கம்தானே.

கடைசியில் எளிய வழி. கோப்புக்குள் எழுத்தை மாற்றும் சப்ஸ்டிட்யூட்இன்ப்ளேஸ் கொண்டு "டெஃப் டெஸ்ட்_பார்ஸ்" என்பதைத் திறக்கும் அடைப்புக்குறியோடு சேர்த்துப் பிடித்து, பெயருக்கு முன்னால் "டோன்ட்_" என்று ஒட்டிவிடுவது. டெஸ்ட் என்று தொடங்காததைப் பைடெஸ்ட் பொறுக்காது. அடைப்புக்குறி இருப்பதால் மற்ற நான்கும் தப்பும்.

அதற்கு ரீப்ளேஸ்-ஃபெயில் என்ற தெரிவைப் போட வேண்டும். பழைய ரீப்ளேஸ் தேடியது கிடைக்காவிட்டால் ஓர் எச்சரிக்கை வரியோடு நகர்ந்துவிடும். நாளைக்கு அப்ஸ்ட்ரீமில் பெயரை மாற்றினால் நம் மாற்றம் செத்துக் கிடப்பதுகூடத் தெரியாது. ஃபெயில் என்றால் பில்ட் விழும். விழட்டும்.

மார்ச் 17

இரண்டு வழி. நாட்காட்டி பேக்கேஜில் ஒட்டுப்போட்டால் சில ரீபில்டோடு முடியும். தேதிப் பேக்கேஜில் அப்ஸ்ட்ரீம் திருத்தத்தை ஃபெட்ச்பேட்சால் எடுத்துவந்தால் ஆயிரமும் மறுபடி. வரிசையில் இருப்பவர்கள் முதல் வழியைத்தான் கேட்பார்கள். ஆனால் தவறான தேதி நாட்காட்டிக்கு மட்டுமா போகிறது? டெஸ்ட் இல்லாத பேக்கேஜ்களில் அது பச்சையாகவே போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது வழி.

மார்ச் 20

ஏஆர்ச்64 டார்வின் (ஆப்பிள் மேக்) பில்ட் வரிசை அசையவில்லை.

மார்ச் 22

இன்றைக்கு வேறு ஒரு சிவப்பு. ஹைப்பாதெசிஸ் (மாதிரி உள்ளீடுகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் நூலகம்), டெட்லைன் எக்ஸீடட். ஒரு மாதிரிக்கு 200 மில்லிசெகண்ட் என்பது அதன் இயல்பான கெடு. சும்மா இருக்கும் மெஷினில் 5 மில்லிசெகண்ட் எடுக்கும் டெஸ்ட், சுமை ஏறிய பில்டரில் ஒரு தடவை 300 எடுத்தால் போதும், கதை முடிந்தது. ரீஸ்டார்ட் கொடுத்தால் பச்சை. ரீஸ்டார்ட் மருந்தில்லை என்றாலும் எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறோம். கெடுவை நீக்கும் ஹைப்பாதெசிஸ் ப்ரொஃபைலை வைப்பதுதான் முறை. டெஸ்ட் எதைச் சோதிக்கிறதோ அது அப்படியே இருக்கும், கடிகாரம் மட்டும் போகும்.

மார்ச் 24

மோதல். இரண்டு பேக்கேஜ்கள், பைத்தான் நூலகங்கள் நிறுவப்படும் சைட்-பேக்கேஜஸுக்குள் "டெஸ்ட்ஸ்" என்ற பெயரில் ஆளுக்கோர் அடைவை நிறுவியிருக்கின்றன. நிறுவ வேண்டியதைத் தேடும் ஃபைண்ட்_பேக்கேஜஸுக்கு விலக்கு சொல்ல மறந்தால் இதுதான் வரும். தனித்தனியே பில்ட் செய்தால் இரண்டும் பச்சை. ஒரே என்விரான்மென்டில் சேர்த்தால்தான் இடிக்கும். பைத்தான்இம்போர்ட்ஸ்செக்கும் இதைக் காட்டாது, அது கேட்ட மாட்யூல் ஏறுகிறதா என்று மட்டும் பார்க்கும். நிறுவிய அடைவை ஒரு தடவை எல்எஸ் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல கருவி எதுவும் இல்லை.

மார்ச் 26

பைத்தான் 3.13 தொகுதியில் இன்னொன்று: டெல்நெட்லிப் காணோம். 3.13-இல் ஒரே வீச்சில் 19 மாட்யூல்கள் போயின, சிஜிஐ, கிரிப்ட், ஐஎம்ஜிஹெச்டிஆர் எல்லாம். சிஜிஐக்கு மாற்றாக லெகசி-சிஜிஐ இருக்கிறது. இந்தப் பேக்கேஜ் டெல்நெட்டை எதற்குக் கூப்பிடுகிறது என்று பார்த்தால் எதற்குமே இல்லை. இம்போர்ட் வரி மட்டும்.

மார்ச் 29

எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் யாரோ கள்ளக் கதவு வைத்த விவகாரம் வெளியே வந்து இன்றோடு ஓராண்டு. பதிப்புகள் 5.6.0, 5.6.1. கிட் களஞ்சியத்தை மட்டும் படித்தவருக்குக் கதவு திறக்கும் இடம் அகப்பட்டிருக்காது. அதைத் திறந்த எம்4 கோப்பு (பில்ட் ஸ்கிரிப்ட்) ரிலீஸ் டார்பாலில் மட்டும் இருந்தது. டெபியன், ஆர்பிஎம் பில்டுகளைக் குறிவைத்தது என்பதால் இங்கே பற்றவில்லை. ஆனாலும் பின்வாங்குவதென்றால் அடித்தளத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருந்தது. ஆயிரம் ரீபில்டுக்கு இவ்வளவு புலம்பல், அன்று முழு உலகமும்.

கோடை எங்கிருந்து எடுப்பது, பைபிஐ எஸ்டிஸ்ட்டா (பைத்தான் களஞ்சியத்தின் மூலக்கட்டு), கிட் டேகா (பதிப்புக் குறி) என்று யாராவது கேட்டால் டேக்தான். எஸ்டிஸ்ட்டில் பாதி நேரம் டெஸ்ட் கோப்புகளே இருக்காது.

மார்ச் 31

டேகுக்கும் வினை உண்டு. தேதிப் பேக்கேஜின் சோர்ஸ் ஹாஷ் பொருந்தவில்லை என்று புகார். ஹைட்ராவில் பச்சை, கேஷ் இல்லாமல் எடுப்பவருக்குச் சிவப்பு. டேக் நகரவில்லை, கோடும் மாறவில்லை.

காரணம் கிட் ஆர்க்கைவல் கோப்பு. எக்ஸ்போர்ட்-சப்ஸ்ட் இருப்பதால் டார்பால் உருவாகும்போது அந்தக் கமிட்டைச் சுட்டும் பெயர்களெல்லாம் அதற்குள் எழுதப்படுகின்றன. மார்ச் 3 அன்று கிளையின் நுனியும் அதே கமிட்டில் இருந்தது, ஆகவே கிளைப் பெயரும் உள்ளே. பிறகு அடுத்த கமிட் வந்ததும் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. ஒரு வரி வித்தியாசம், முழு ஹாஷும் வேறு. இறக்கியபின் ஓடும் போஸ்ட்ஃபெட்ச்சில் அந்தக் கோப்பை அழித்துவிட்டு ஹாஷை எடுத்தால் இனி அசையாது.

ஹாஷ் மாறினால் ஆயிரமும் மறுபடி. இதை அடுத்த சுற்றுக்கு ஸ்டேஜிங்கிலேயே விட வேண்டும்.

ஏப்ரல் 1

மாஸ்டரிலிருந்து ஸ்டேஜிங்-நெக்ஸ்டுக்கு ஆறு மணிக்கொரு தடவை தானாக மெர்ஜ் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் வரிசை கொஞ்சம் நீள்கிறது.

ஏப்ரல் 2

தேதிப் பேக்கேஜ், எக்ஸ்86 லினக்ஸ்: 454 பாஸ், ஸ்கிப் 0, டிசெலக்டட் 0. முன்பு 412, 37, 6, கூட்டினால் 455. ஒன்று பெயர் மாற்றியது. கணக்கு சரி.

ஏஆர்ச்64 லினக்ஸ்: 454.

ஏஆர்ச்64 டார்வின்: 453. ஸ்கிப் 0. பச்சை.