ஊதாக் கொடி

பாலத்தின் கைப்பிடிமேல் ஏறி நின்ற சிறுவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டான். குதிக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகை பக்கத்திலேயே இருந்தது. அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என் மகளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். திரும்பிப் பார்த்து, "பயமா, அப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், ஓக் பிளஃப்ஸுக்கும் எட்கர்டவுனுக்கும் நடுவே கடலோரச் சாலையில் இருக்கிறது அந்தப் பாலம். அரசு வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் 'ஜாஸ் பாலம்'. ஆட்களைக் கொல்லும் சுறாவைப் பற்றிய 'ஜாஸ்' படத்தை 1974-இல் இந்தத் தீவில்தான் எடுத்தார்கள். கதையில் சுறா இந்தப் பாலத்தின் அடியில் நுழைந்து உப்பங்கழிக்குள் வரும். பன்னிரண்டு வயதில் அந்தக் காட்சியைப் பார்த்தேன். அதன் பிறகு கடலில் முழங்காலுக்கு மேல் நான் நனைந்ததே இல்லை. நீரின் நிறம் கறுக்கும் இடம் வந்தால் கால்கள் தாமாகத் திரும்பிவிடும். அந்தப் பயம் பிறந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வுட்ஸ் ஹோலில் கப்பலேறி, முக்கால் மணி நேரத்தில் இங்கே வந்து இறங்கினேன்.

வந்து பார்த்தால், குழந்தைகள் குதித்து விளையாடும் ஒரு நீரோட்டம். அவ்வளவுதான்.

எட்கர்டவுனின் வெள்ளை வீடுகளை அரை நாளில் சுற்றி முடித்தோம். அழகான ஊர். ஆனால் என் மனம் முழுக்க அந்தப் படம் உருவான கதையிலேயே இருந்தது. 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்கள் இழுத்தது. இயந்திரச் சுறா உப்புநீரில் இறங்கினால் பழுதாகிவிடும். காட்டுவதற்குச் சுறா இல்லாததால் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் வெறும் தண்ணீரைக் காட்டினார். சுறா இழுத்துச் செல்லும் மஞ்சள் பீப்பாய்களைக் காட்டினார். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் சுறா ஒழுங்காகக் கண்ணில் படுகிறது. ஆஸ்திரேலியக் கடலில் உண்மையான வெள்ளைச் சுறாக்களைப் படம்பிடித்தபோதும், உருவில் சிறிய ஒருவரைச் சிறிய கூண்டுக்குள் இறக்கித்தான் சுறாவைப் பூதமாக்கினார்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இத்தனை ஆண்டுகள் நான் அஞ்சியது சுறாவுக்கு அல்ல, வெறும் நீர்ப்பரப்புக்கு என்பது அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் உறைத்தது. ஜாஸ் மிகச் சிறந்த படம். அதில் எனக்கு ஐயமே இல்லை. சிறந்த படமாக இருந்ததால்தான் அது செய்த சேதமும் பெரிது. பின்னால் வந்தவை அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன. 109 சுறாப் படங்களை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு, அவற்றுள் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே மனிதருக்கு ஆபத்தான பிராணியாகத்தான் சுறாவைக் காட்டுகின்றன என்றது. அந்த ஒன்றும் குழந்தைகளுக்கான அனிமேஷன் படம்! இசையும் சும்மா இருப்பதில்லை. வேறோர் ஆய்வில், சுறாக்கள் நீந்தும் ஒரு நிமிடக் காட்சியை, அச்சமூட்டும் இசையோடு சிலருக்கும், இனிய இசையோடோ இசையே இல்லாமலோ மற்றவர்களுக்கும் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். காட்சி ஒன்றேதான். அச்சமூட்டும் இசையோடு பார்த்தவர்களே சுறாவைப் பற்றி மோசமாகச் சொன்னார்கள்.

சினிமா ஒரு சுறாவையும் கொல்லவில்லையே என்று கேட்கலாம். சரிதான். கொல்பவை வலைகளும் தூண்டில்களும். துடுப்புக்கும் இறைச்சிக்கும் இருக்கும் சந்தை. வேறு மீனுக்குப் போட்ட வலையில் வந்து மாட்டிக்கொள்ளும் விபத்து. ஆண்டுக்கு 8 கோடிக்குக் குறையாமல் சுறாக்கள் இப்படிச் சாகின்றன. பெருங்கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970-இலிருந்து 71 விழுக்காடு குறைந்துவிட்டன. தூண்டுதல் ஏதுமின்றிச் சுறா கடித்து இறக்கும் மனிதர்களோ உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தாறு பேர். சினிமா செய்தது வேறு வேலை. சுறாவுக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்களின் வாயை அது அடைத்துவிட்டது. திமிங்கிலம் செத்தால் கண்ணீர் விடுகிற உலகம், சுறா செத்தால் 'தொல்லை விட்டது' என்கிறது. 2014-இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு கடற்கரைகளை ஒட்டித் தூண்டில் கட்டிச் சுறாக்களைப் பிடித்தது. 172 சிக்கின. யாருக்குப் பயந்து தூண்டில் கட்டினார்களோ அந்த வெள்ளைச் சுறா ஒன்றுகூட அவற்றில் இல்லை.

ஜாஸ் நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பதற்காகவே எழுதினார், பேசினார். சுறாக்கள் அழிந்ததில் தன் படத்துக்கும் பங்குண்டு என்று 2022-இல் வானொலியில் மனம் வருந்தினார் ஸ்பீல்பெர்க். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். தீவும் மாறியது. ஓக் பிளஃப்ஸ் துறைமுகத்தில் பல ஆண்டுகள் சுறாப்பிடிப் போட்டி நடந்தது; பிடித்ததைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்று 2013-இல் ஊர்மக்கள் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டு போட்டி தீவை விட்டே போய்விட்டது.

மூன்றாம் நாள் கேப் காட் தீபகற்பத்தின் முழங்கையில் இருக்கும் சாட்டம் ஊருக்குப் போனோம். மோனமாய் மணல் திட்டுகளில் கடல்நாய் எனப்படும் சாம்பல் நிற சீல்கள் நூற்றுக்கணக்கில் படுத்துக் கிடந்தன. காற்று வீசும்போது அவற்றின் ஊளை கரைவரை வந்தது. ஒரு காலத்தில் சீலைக் கொன்றால் இங்கே அரசாங்கமே பணம் கொடுத்தது. 1972-இல் கடல் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் வந்த பிறகு அவை மெல்ல மெல்லத் திரும்பின. இரை திரும்பியதும் சுறாவும் திரும்பியது. 2009-இல் கிரெக் ஸ்கோமல் என்ற ஆய்வாளர் இந்தக் கடலில் வெள்ளைச் சுறாக்களுக்கு அடையாளக் கருவி பொருத்தினார். அவரைக் கடலியலுக்கு இழுத்ததும் ஜாஸ் படத்தில் வரும் ஆய்வாளர் பாத்திரம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த நன்மையையும் படத்தின் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சுறா பார்க்கும் படகில் ஏறினோம். மேலே ஒரு சிறு விமானம் வட்டமிட்டு வழி சொன்னது. ஒன்றரை மணி நேரம் எதுவும் இல்லை. பிறகு படகோட்டி இயந்திரத்தை அடக்கிவிட்டுக் கையை நீட்டினார். பச்சைத் தண்ணீருக்குள் பழுப்பு நிறத்தில் நீளமாக ஒரு நிழல். பன்னிரண்டு அடி இருக்கும் என்றார். அது எங்களை நோக்கிப் பாயவில்லை, சுற்றி வரவில்லை. வாலை ஒருமுறை இடமும் ஒருமுறை வலமும் அசைத்துப் படகின் ஓரமாக மெதுவாகக் கடந்தது. முதுகில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. படகில் யாரும் பேசவில்லை. மகள் என் கையைப் பிடித்திருந்தாள். நடுங்கியது அவள் கை அல்ல, என் கை. பயத்தால் அல்ல. இவ்வளவு அழகான ஒன்றை இத்தனை காலம் வெறுத்துவிட்டேனே என்ற தவிப்பு.

பெண் வெள்ளைச் சுறா குட்டி ஈனும் பருவத்துக்கு வர ஏறத்தாழ 33 ஆண்டுகள் ஆகின்றன. படம் வெளியான 1975-இல் பிறந்த சுறா, 2008 வாக்கில்தான் தாயாகியிருக்கும். அதற்குள் எத்தனை தூண்டில்களைத் தப்பியிருக்க வேண்டும்!

கடலில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2018 செப்டம்பரில் இதே தீபகற்பத்தில், வெல்ஃப்ளீட் ஊர்க் கடலில் ஓர் இளைஞர் சுறா கடித்து இறந்தார். 1936-க்குப் பிறகு இந்த மாநிலத்தில் அதுதான் முதல் இறப்பு. அந்தக் குடும்பத்தின் துயரத்தின் முன் எந்தப் புள்ளிவிவரமும் பேசாது. ஆனால் ஊர் வேட்டைக்குக் கிளம்பிவிடவில்லை. கடற்கரைகளில் இரத்தப்போக்கை நிறுத்தும் மருத்துவப் பெட்டிகளை வைத்தார்கள். சுறா உண்டு என்று எச்சரிக்க, வெள்ளைச் சுறா வரைந்த ஊதா நிறக் கொடிகள் பறக்கின்றன. இடுப்பளவு நீரைத் தாண்டாதே, சீல்கள் இருக்கும் இடத்தில் இறங்காதே, தனியாக நீந்தாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கடைசி நாள் காலையில் அப்படியொரு கொடியின் கீழ் நின்று, மகளுடன் கடலில் இறங்கினேன். முழங்காலைத் தாண்டியபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். இடுப்பு நனைந்தது. குளிர்.

கால் மணி நேரம் போயிருக்கும். உயிர்காப்பாளர் விசில் ஊதினார். தொலைவில் ஒரு துடுப்பைப் பார்த்திருக்கிறார்கள். படத்தில் இந்த இடத்தில்தான் கூட்டம் ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடும். இங்கே யாரும் ஓடவில்லை. குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே கரையேறினார்கள். ஏறியதும் திரும்பி நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தார்கள்.

"தெரிகிறதா, அப்பா?" என்றாள் மகள்.

தெரியவில்லை. ஒரு மணி நேரம் மணலில் உட்கார்ந்திருந்துவிட்டு, விசில் மறுபடி ஒலித்ததும் திரும்பவும் இறங்கினோம்.