அடக்க முடியாதவளை அடக்கச் சொன்ன வரிசை

எனக்கு 47 வயது. தும்மினால் சிறுநீர் கசியும். வெளியே போய்விட்டு வந்து வாசல் பூட்டில் சாவியை நுழைக்கும்போதே முட்டிக்கொண்டு வரும். இரண்டு வருடம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் நிறுத்தினேன், அப்புறம் தண்ணீரையும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் உறுத்தும் என்று அப்போது தெரியாது.

முதல் கோட்டை நானேதான் விட்டேன். மருந்துக்கடையில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் போட்டுவிட்டு யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கொடுத்தேன். மருந்து போட்ட பிறகு கொடுத்தால் அதை நம்ப முடியாது, கொஞ்ச நாள் கழித்து மறுபடி கொடுங்கள் என்றார் டாக்டர். இரண்டு நடை வீண்.

அடுத்தது ஸ்கேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டுமாம். அடக்க முடியவில்லை என்றுதானே வந்திருக்கிறேன்! என் டோக்கன் 34, உள்ளே போயிருந்தது 19. கவுன்டரில் குனிந்து மெதுவாகச் சொன்னேன். "என்னம்மா, யூரின் நிக்காதா?" என்று அந்த ஆள் ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். பெஞ்சுக்குத் திரும்புவதற்குள் புடவை நனைந்துவிட்டது. பையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். செத்துப்போனால் தேவலை என்று முதல்முறையாகத் தோன்றியது அன்று ராத்திரிதான்.

மூன்று வாரம் வாசற்படி தாண்டவில்லை. தூக்கமும் இல்லை. "அந்த வயசுல அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டில். அக்கா மகள்தான் 14416க்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தாள். அரசின் டெலி மனாஸ் என்ற மனநல உதவி எண் அது. காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் இருந்த பெண், செத்துப்போகிற எண்ணம் வந்ததா என்று நேராகவே கேட்டார். அழுதேன். மனநல ஓ.பி.க்குப் போகச் சொன்னார். போனேன். அந்த போர்டுக்குக் கீழே நிற்கத்தான் கூச்சமாக இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

மறுபடி ஸ்கேனுக்குப் போனபோது விவரமாகப் போனேன். நமக்கு முன்னால் நாலைந்து பேர் மிச்சம் இருக்கும்போது தண்ணீர் குடித்தால் போதும். கவுன்டரை விட்டுவிட்டு ஸ்கேன் அறை நர்ஸிடம் சொல்லுங்கள். அடர் நிறப் புடவை, பேட், பையில் மாற்று உள்பாவாடை. பத்து நிமிடத்தில் முடிந்தது.

எத்தனை மணிக்கு, எவ்வளவு சிறுநீர் போகிறது என்று மூன்று நாள் டாக்டருக்கு எழுதிக் காட்டினேன். பிறகு மாத்திரையும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும் (சிறுநீரை அடக்கும் தசைகளை இறுக்கித் தளர்த்துவது). பயிற்சியை மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும், இரண்டே வாரத்தில் எதுவும் நடக்காது. முக்கியமாக, சிறுநீருக்குப் பார்க்கிறவர், மனநலத்துக்குப் பார்க்கிறவர் என்று இரண்டு டாக்டருக்கும் இரண்டு மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். நான் காட்டவில்லை. இரண்டு பக்க மாத்திரையும் சேர்ந்து வாய் வறண்டு, மலச்சிக்கல் வந்து, அதனாலேயே கசிவு கூடியது. மாற்றிக் கொடுத்த பிறகு சரியானது.

போன வாரம் மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் போனேன், தண்ணீர் பாட்டிலோடு. இறங்கியதும் கழிப்பறை எங்கே என்றுதான் முதலில் தேடினேன், அது வேறு விஷயம்.