"எனக்குத்தான் ஒண்ணும் வரல" என்று பிள்ளை சொன்னால்

"அவ பாடுறா, இவன் செஸ்ல கப் வாங்குறான், எனக்குத்தான் ஒண்ணும் வரல" என்று எட்டு வயதுப் பிள்ளை சொன்னால், உடனே இன்னொரு வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள். முதலில் பிறந்த மாதத்தைப் பாருங்கள். ஒரே வகுப்பில் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். கனடா ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1985-இல் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அதனால் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அந்தப் பிரிவிலேயே மூத்தவர்கள். இப்படிச் சில மாதம் மூத்த பிள்ளையின் வளர்ச்சியைத் திறமை என்று எண்ணிவிடுகிறோம்.

அடுத்து, ஒரு 40 பக்க நோட்டு. 4 வாரம், தினமும் 2 வரி. யாரும் சொல்லாமல் பிள்ளை எதைக் கையில் எடுத்தது, எவ்வளவு நேரம், தப்பானபோது என்ன செய்தது. "நல்லா வரையறா" என்று எழுதிப் பயனில்லை. "கோலத்தில் ஒரு புள்ளி தவறியது. முழுவதையும் அழிக்காமல், எந்த வரிசை என்று எண்ணிப் பார்த்தாள், 25 நிமிடம்" என்று எழுதுங்கள். அங்கே தெரிவது வரையும் கை மட்டுமல்ல, ஒழுங்கைப் பிடிக்கும் கண். சண்டை போட்ட இருவரை மறுபடி சேர்த்து விளையாட வைப்பதும், ஆட்டத்துக்குப் புது விதி சொல்வதும் நோட்டில் வரவேண்டும். இவற்றுக்குக் கப் கிடையாது. அதனாலேயே நம் கண்ணில் படாமல் போகிறது, அதுதான் வருத்தம்.

பாராட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். உளவியலாளர்கள் மியூலரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று கேட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். ஆகவே செய்ததைக் கேளுங்கள்: "அந்த வரிசையை எப்படிம்மா கண்டுபிடிச்ச?" பதில் வரும்போது நடுவில் திருத்த வேண்டாம். நான்காம் வாரக் கடைசியில் நோட்டைப் பிள்ளை கையிலேயே கொடுத்து, எந்தப் பக்கத்தை மறுபடி படிக்கிறது என்று பாருங்கள்.