மேசைக்கடியில் ஒரு சர்வர்: கோத்தகிரி நாட்குறிப்பு

செப்டம்பர் 28

முடிவு செய்துவிட்டேன். என் இணையதளம் இனி என் வீட்டிலிருந்தே ஓடும்.

தம்பி கோவைக்குக் குடிபோகும்போது விட்டுப்போன டெஸ்க்டாப் பரண்மேல் கிடந்தது. இன்டெல் ஐ3, எட்டு ஜிபி ராம். ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டினேன், தூசி தட்டினேன், டெபியன் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். மானிட்டரும் கீபோர்டும் இன்றோடு சரி. இனி என் லேப்டாப்பிலிருந்தே எல்லா வேலையையும் செய்யலாம்.

ஏன் வீட்டில்? முன்பு, இலவசமாக இடம் கொடுத்த ஒரு சேவையில் பக்கங்கள் வைத்திருந்தேன். ஒருநாள் சேவையையே மூடிவிட்டார்கள். அப்புறம் எழுதியதெல்லாம் வேறு வேறு நிறுவனங்களின் இடத்தில். அவர்கள் விதியை மாற்றினால் நானும் மாற வேண்டும். எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக இருந்த அப்பா எழுதிவைத்த மழைக் கணக்கு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை எல்லோரும் பார்க்கும்படி எங்கே வைப்பது என்று யோசித்தேன். நோட்டுகள் இருக்கிற வீட்டிலேயே வைக்கலாம் என்றுதான் மனதுக்குப் பட்டது.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிட்டேன். சும்மா இருக்கும்போது பெட்டி எடுப்பது 50 வாட் என்று வைத்தால் நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம்தான், ஆனால் அதை வீட்டுச் செலவே தின்றுவிடுகிறது. ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னக் கணினி என்றால் ஐந்து வாட் சுற்றில் முடிந்துவிடும். இருந்தாலும் நன்றாக ஓடுகிற பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்க மனம் வரவில்லை.

அக்டோபர் 2

கேட்பவர்களுக்குப் பக்கங்களை எடுத்துக் கொடுக்கிற என்ஜின்எக்ஸ் நிரலை நிறுவியாயிற்று. தரவுத்தளம் கிடையாது, வேர்ட்பிரஸ் கிடையாது. வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். பத்து வருடம் கழித்து யாராவது இந்தக் கோப்புகளை எடுத்தாலும் அப்படியே திறக்கும்.

பழைய சிடி ஒன்றில், யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில் தட்டிய கட்டுரைகள் கிடைத்தன. இன்று திறந்தால் கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ஒரு சின்ன நிரல் எழுதி எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கோ' என்று எழுதினால் ககரத்துக்கு மூன்று, அதன் ஓகாரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு. கோப்பு பெருத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். என்ஜின்எக்ஸில் கோப்பைச் சுருக்கி அனுப்புகிற ஜிசிப்பை இயக்கிவிட்டால் அந்தக் கனம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

வீட்டு வைஃபையில் அம்மாவின் போனில் திறந்து காட்டினேன். "அப்பா கையெழுத்துதானே இது?" என்று படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 5

வீட்டுக்குள் திறக்கிற தளம் வெளியே திறக்கவில்லை. ரவுட்டரில் வலைப்பக்கங்களுக்கான வாசல்களான 80, 443 இரண்டு போர்ட்டையும் திறந்துவிட்டுத் தம்பியைக் கோவையிலிருந்து பார்க்கச் சொன்னேன். "சுத்திக்கிட்டே இருக்குண்ணா" என்றான்.

காரணம் ரவுட்டரின் நிலைப் பக்கத்திலேயே இருந்தது. அதற்குக் கிடைத்திருக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் வருகிறது. அந்த வரிசையை 2012இல் இணைய நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். வெளியுலகில் அதற்கு மதிப்பில்லை. இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி.

எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது, எல்லாக் கடிதமும் ஆபீஸ் பேருக்குத்தான் வரும். நீங்கள் முதலில் எழுதிப்போட்டு அதற்குப் பதில் வந்தால், யாருக்கென்று ஆபீஸில் தெரியும், கொடுத்துவிடுவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தானாக எழுதினால் எந்த வீட்டுக்கென்று தெரியாது, கடிதம் அங்கேயே நின்றுவிடும். என் தளத்தைத் தேடி வருகிறவர்களும் அப்படித்தான் நிறுவனத்தின் வாசலில் நின்றுவிடுகிறார்கள்.

இதில் யாரையும் திட்டிப் பயனில்லை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் இருப்பதே 430 கோடி முகவரிகள்தான். ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் தாராளமாகக் கொடுக்கிற காலம் 2011 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனால் இதன் விளைவு எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்துவிட்டது, வேகமும் வந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் நாம் வெளியே போகலாமே தவிர, நம் வீட்டுக்கு யாரும் வர முடியாது. வலை அப்படித் தொடங்கவில்லை. படிக்கிற கணினியே எழுதி வெளியிடுகிற கணினியாகவும் இருக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை.

அக்டோபர் 8

நிலையான ஐபி, அதாவது எனக்கென்று மாறாத ஒரு பொது முகவரி, கேட்டு இணைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். வணிக இணைப்புக்குத்தான் கொடுப்பார்களாம். சரி, வேறு வழி பார்ப்போம்.

புதிய முகவரி முறையான ஐபிவி6 இருக்கிறதே! என் இணைப்பில் அது ஏற்கெனவே வருகிறது, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உண்மையான பொது முகவரியோடு. ரவுட்டரின் ஃபயர்வாலில் இந்தப் பெட்டிக்கு மட்டும் 80, 443ஐத் திறந்தேன். செல்போன் டேட்டாவில் பார்த்தேன், திறந்தது. இடையில் யாரும் இல்லாமல், மேசைக்கடியில் இருக்கிற பெட்டியிலிருந்து நேராக என் கைக்கு வந்தது அந்தப் பக்கம். எழுந்து போய் அம்மாவிடம் சொன்னேன்.

முகவரி அவ்வப்போது மாறும். அதனால் மாறியதும், தளத்தின் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்கிற டிஎன்எஸ்ஸில் திருத்துகிற ஒரு ஸ்கிரிப்டை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விட்டிருக்கிறேன். பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம் (டிடிஎல்) 300 வினாடி.

ஐபிவி6 இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன விபிஎஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் இடத்தில் ஓடுகிற மெய்நிகர் சர்வர், வாடகைக்கு எடுத்தேன். அதற்கு ஒரே வேலை. தன் ஐபிவி4 முகவரிக்கு வருகிற இணைப்பை வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கம் வழியாக வீட்டுக்குத் தள்ள வேண்டும். தளத்தின் மறையாக்கப் பூட்டைத் திறக்கிற சாவி வீட்டில்தான் இருக்கிறது, விபிஎஸ்ஸில் பக்கங்களும் இல்லை, சாவியும் இல்லை. நாளை அந்த நிறுவனம் போனால் வேறொன்று பிடித்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 10

தளத்துக்கு வருகிற இணைப்புகளைப் பூட்டுவதற்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்கியாயிற்று. காசு இல்லை, 90 நாள் செல்லும், சர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பித்துவிடும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 11

சொல்ல இருக்கிறது. சான்றிதழ் வாங்கிய சிறிது நேரத்திலேயே, யார் என்ன கேட்டார்கள் என்று எழுதிவைக்கிற பதிவுக் கோப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. தளத்தைப் பற்றித் தம்பியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. யார் இவர்கள்?

வரிவரியாகப் பார்த்தேன். ஒருவன் வேர்ட்பிரஸ் லாகின் பக்கம் இருக்கிறதா என்று கேட்கிறான். அடுத்தவன் தரவுத்தளத்தை நிர்வகிக்கிற பிஎச்பிமைஅட்மின் கேட்கிறான். இன்னொருவன் கடவுச்சொற்களை எழுதிவைக்கிற மறைகோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கிறான். எல்லாம் தானியங்கி நிரல்கள். வழங்கப்படுகிற சான்றிதழ்களின் பெயர்கள் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, புதுப் பெயர் வந்ததும் கதவைத் தட்டுகிறார்கள். ஐபிவி4 என்றால் பெயரே வேண்டாம். மொத்த முகவரிகளையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

வீட்டில் சர்வர் வைக்க நினைக்கிறவர்கள் இதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். அவர்கள் கேட்கிற எதுவும் இங்கே இல்லை. வெறும் கோப்புகளைக் கொடுக்கிற தளத்தில் உடைக்க அதிகம் ஒன்றும் கிடையாது. மூன்று காரியம் மட்டும் கட்டாயம். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைகிற எஸ்எஸ்எச் வாசலை வெளியுலகுக்குத் திறக்கக் கூடாது, திறந்தே ஆக வேண்டுமென்றால் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவி வழியாக மட்டும் நுழைய வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏற வேண்டும். அப்புறம், இந்தப் பெட்டியில் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் எதையும் வைக்கக் கூடாது. எனக்கு மூன்றாவதுதான் முக்கியம்.

அக்டோபர் 19

மதியத்திலிருந்து இடி. இங்கே ஐப்பசி பிறந்தால் இப்படித்தான். "இடி இடிக்குது, அந்தப் பொட்டிய நிறுத்துப்பா" என்று அம்மா வந்து நின்றார். அவர் சொல்வது சரி. ஃபைபரின் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, மின்கம்பி வழியாக வரும். பாறை மேல் கொஞ்சம் மண் இருக்கிற இந்த ஊரில் நல்ல எர்த் கிடைப்பதும் கஷ்டம்.

உலகின் முதல் வலை சர்வரும் ஒரு மேசைக் கணினிதான். 1990இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் நெக்ஸ்ட் கணினி. 'இந்த இயந்திரம் ஒரு சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். நானும் ஒன்று எழுதி ஒட்டினேன். அம்மா படித்துவிட்டு, "இடி இடிச்சா?" என்றார். கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: 'இடி இடித்தால் முன் பொத்தானை ஒருமுறை அழுத்தவும். விளக்கு அணைந்த பிறகு பிளக்கைப் பிடுங்கவும்.' அழுத்திப் பிடிக்காமல் ஒருமுறை தொட்டுவிட்டால் டெபியன் எல்லாவற்றையும் ஒழுங்காக மூடிவிட்டுத்தான் நிற்கும். அம்மா செய்து பார்த்துவிட்டார்.

பிளக்கைத் திரும்பச் செருகியதும் பெட்டி தானாக எழுந்துகொள்ள வேண்டும். அதற்கு, கணினி எழும்போது முதலில் ஓடுகிற பயாஸில் ஓர் அமைப்பு உண்டு, மின்சாரம் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. அதை 'ஆன்' என்று வையுங்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வைப்பதும் முக்கியம். மற்ற நிலையில் கரண்ட் மாறுகிற அந்த நொடிப்பொழுதில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். என்னுடையது 150 ஏஎச் பேட்டரி, 12 வோல்ட், ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-மணி. இந்தக் குளிரில் யாருக்கும் ஃபேன் வேண்டாம், அதனால் இழப்பெல்லாம் போனாலும் பெட்டி, மோடம், ரவுட்டர் மூன்றையும் ஓர் இரவு முழுக்கத் தாங்குகிறது.

அக்டோபர் 26

மூன்று நாளாக மூடுபனி. துணி காயவில்லை, அலமாரிக்குள் கேமரா லென்ஸில் பூசணம். எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி மட்டும் உலர்ந்து இருக்கிறது. அதன் சூடே அதைக் காப்பாற்றுகிறது.

நவம்பர் 3

இரவு காற்றில் கற்பூர மரக் கிளை முறிந்து ரோட்டோரக் கேபிள் மேல் விழுந்துவிட்டது. காலையில் மோடத்தில் சிவப்பு விளக்கு. வீட்டில் கரண்ட் இருக்கிறது, சர்வர் ஓடுகிறது, உலகம் மட்டும் இல்லை.

மத்தியானம் அரவேனு பக்கமிருந்து கேபிள் சரிசெய்கிற இளைஞர் ஒருவர் பைக்கில் வந்தார். நான் குடை பிடித்தேன், அவர் கருவிப் பெட்டியைத் திறந்தார். கேபிளின் கறுப்புத் தோலை உரித்தார், உள்ளே நீலப் பூச்சு போட்ட இழை. ஸ்ட்ரிப்பரால் ஒரு இழுப்பு, பூச்சு போய்க் கண்ணாடி மட்டும். தலைமுடி அளவுதான், 125 மைக்ரான். அதற்குள்ளும் வெளிச்சம் ஓடுவது நடுவில் இருக்கிற 9 மைக்ரானில். ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தால் துடைத்து, இழையை வெட்டுகிற கிளீவரில் வைத்து அழுத்தினார். 'க்ளிக்'. முனை சமமாக வந்தது. இரண்டு முனைகளையும், இழைகளை உருக்கி ஒட்டுகிற மெஷினின் பள்ளத்தில் எதிரெதிரே வைத்து மூடியதும், திரையில் அவை இரண்டு தூண்கள் மாதிரி பெரிதாகத் தெரிந்தன. ஒன்றின் மேல் புள்ளியளவு ஈரம். வெளியே எடுத்து, மறுபடி துடைத்து, மறுபடி வெட்டினார். "பனியில இதாண்ணா தொல்லை." இந்த முறை தூண்கள் தாமாக நகர்ந்து நேர்கோட்டில் நின்றன, ஒரு பொறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. இழப்பு 0.02 டெசிபெல் என்று காட்டியது.

வீட்டுக்கு வந்து, வருகிற ஒளியின் அளவை மீட்டரை வைத்துப் பார்த்தார், மைனஸ் 21. மைனஸ் 27க்குக் கீழே போகாத வரை கவலையில்லையாம். மேசைக்கடியில் பார்த்துவிட்டு, "சர்வரா? இந்த லைன்ல எல்லாரும் சீரியல் நின்னுபோச்சுன்னுதான் கூப்பிடுவாங்க" என்றார். அம்மா டீ கொடுத்தார்.

காசு வாங்கும் நிறுவனங்கள் 99.9 சதவீதம் என்று உறுதி கொடுக்கின்றன. அப்படியென்றால் வருடத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்தான் நிற்கலாம். எனக்கு அந்தக் கணக்கு இன்று ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. இருக்கட்டும். காற்றடித்தால் ஊரே நிற்கிறது, ஊரோடு சேர்ந்து தளமும் நிற்கும். மழைக் கணக்கு நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

நவம்பர் 10

அப்பாவின் நோட்டுகளை முழுதாக ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். எஸ்டேட் வழக்கப்படி இஞ்சிலும் சென்ட்டிலும் எழுதியிருக்கிறார். 1-35 என்றால் ஒரு இஞ்ச் 35 சென்ட், அதாவது 34.3 மில்லிமீட்டர். பக்கத்தின் படம் இடப்பக்கம், மில்லிமீட்டரில் அட்டவணை வலப்பக்கம். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கு எம்பி. 200 கேபிக்குக் குறைத்தும் எழுத்து தெளிவாகவே தெரிகிறது.

2009 நவம்பர் பக்கத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் தட்ட முடியவில்லை. நீலகிரியில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த வாரம். அப்போது அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், ஆனாலும் வீட்டுக் கொல்லையில் அளந்துகொண்டுதான் இருந்தார். எண்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'ரோடு இல்லை. கரண்ட் இல்லை. பால் வரவில்லை.' அந்தப் பக்கத்தைத் திருத்தாமல் அப்படியே ஏற்றியிருக்கிறேன்.

எல்லாக் கோப்புகளும் இரவு இரண்டு மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் வழியாகத் தம்பி வீட்டுக்கு நகலாகின்றன. இந்த மலையில் இருக்கிற ஒரே பிரதியை நம்பக் கூடாது.

நவம்பர் 17

கட்டபெட்டு பக்கமிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்திருந்தார். தன் ஊர்க் காட்டில் பார்த்த செடிகளைப் பற்றி வருடக்கணக்காக எழுதி வைத்திருக்கிறார், படங்களோடு. "உங்க மெஷின்ல கொஞ்சம் இடம் கிடைக்குமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எஸ்எஸ்டியில் பாதிக்குமேல் காலி.

அவருக்கென்று தனிப் பயனர் கணக்கு உண்டாக்கினேன். கோப்பு அனுப்புவதற்கான எஸ்எஃப்டிபி மட்டும், தன் கோப்புறையைத் தாண்டி எதையும் பார்க்க முடியாதபடி. சாவியை பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே ஒரு பிரிவாக வேண்டாம், அவர் பெயரில் தனி டொமைனே வாங்கிவிடலாம் என்றேன். முகவரி அவருடையதாக இருந்தால் நாளைக்கு அவர் வீட்டுப் பெட்டிக்கே மாற்றிக்கொள்ளலாம். தமிழிலேயே டாட் இந்தியா கிடைக்கும் என்றதும் பெயரைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு செய்துவிட்டு வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.