எட்டுச் சுற்று

"உறுமி மட்டும் வேண்டாம் தம்பி. மத்ததெல்லாம் சரி."

நான் சொன்னது இவ்வளவுதான். மே 16, மலேசியாவில் ஆசிரியர் தினம். அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஐந்தாம் படிவத்துப் பையன்கள், பதினேழு வயதுக்காரர்கள், நால்வரும் மண்டபத்து மேடையில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் அடிக்கிறவன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப முதல் எட்டுச் சுற்று என்ன வாசிக்கிறது சார்?"

"கிட்டாரை வச்சுச் சமாளிங்க."

"சரி சார்" என்றான்.

பாட்டு அவர்களே போட்டது. டிரம்ஸ் அடிக்கிறவன் வளைந்த குச்சியை உறுமியின் தோலில் அழுத்தித் தேய்ப்பான். அடிவயிற்றிலிருந்து வருவதுபோல ஒரு முனகல் எழும்பும். அது அடங்குவதற்குள் சத்தத்தைக் கரகரக்க வைக்கிற டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் அதே உறுமலைப் பிடித்துக்கொள்ளும். எது தோல், எது கம்பி என்று ஒரு கணம் பிரிக்க முடியாது. முதன்முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடப் பள்ளி மேடையில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. அதைத்தான் எடுக்கச் சொன்னேன்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. நம் ஊரில் உறுமிச் சத்தம் கேட்டால் யாருக்காவது அருள் வந்துவிடும். நானூறு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற மண்டபத்தில் அப்படி ஆனால் யார் பதில் சொல்வது? உறுமி மேளம் என்றாலே குண்டர் கும்பல், சாவு ஊர்வலம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 2001-இல் கெடா மாநிலத்தில், பிளாக் மெட்டல் என்கிற ராக் இசை பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்ற விவகாரம் வெடித்தபோது நான் புது ஆசிரியர். கறுப்புச் சட்டை போட்ட பிள்ளையைக்கூடச் சந்தேகமாகப் பார்த்த காலம் அது. ஒரு பாட்டுக்காக ஒரு பையனின் பெயர் கட்டொழுங்குப் பதிவில் ஏறுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதே பார்த்திருக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளைகள். காப்பாற்றத்தான் நினைத்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உறுமி வேண்டாம் என்று முதல்வரோ துணை முதல்வரோ என்னிடம் சொல்லவே இல்லை. சொல்வார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். போய்க் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அன்று மாலை டிரம்ஸ் பையனைச் சமாதானப்படுத்த அலிகேட்ஸ் இசைக்குழுவின் கதையைச் சொன்னேன். பினாங்குப் பிள்ளைகள், லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும், மலாய்ப் பாட்டுப் பாடியே நாடு முழுக்கப் பெயர் வாங்கினார்கள். எல்லாரும் ரசிக்கிற மாதிரி கொடுத்தால் நம்மையும் கொண்டாடுவார்கள் என்றேன். போனில் அவர்கள் படத்தைத் தேடிப் பார்த்தான். தலை நிறையச் சுருட்டை முடி, குடைபோல.

"இவங்க முடிய யாரும் வெட்டச் சொல்லலையா சார்?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். எனக்கு 1992 ஞாபகம் வந்தது. நீள முடி வைத்திருந்தால் அரசுத் தொலைக்காட்சியான ஆர்.டி.எம்.மில் வர முடியாது என்று சொல்லி, ஸெர்ச், விங்ஸ் ராக் குழுவினர் முடி வெட்டிக்கொண்ட வருடம். நான் அப்போது நான்காம் படிவம். பாட்டுக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கத்தியிருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை. "நேரமாச்சு, வீட்டுக்குப் போ" என்றேன்.

நிகழ்ச்சியன்று திரை விலகியது. நால்வரும் நின்றார்கள். சத்தமே இல்லை. ஒயர்தான் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்து மேடைக்குப் பக்கத்தில் ஓடி பிளக்கைப் பார்த்தேன்; சரியாகத்தான் இருந்தது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் திடீரென்று கிட்டார் பாய்ந்தது. பாட்டு நன்றாகவே போனது, கைதட்டலும் பலம். முதல்வர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஏன்டா ஆரம்பத்துல நின்னுட்டீங்க?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கை தப்பிடுச்சு சார்" என்றான்.

அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. பிறகு சக ஆசிரியை ஒருவர் போனில் எடுத்த வீடியோவை அனுப்பினார். அதில் அவன் முகம் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு குச்சியும் தொடைமேல் கிடக்கின்றன. உதடு மட்டும் அசைகிறது. நானும் கூடவே எண்ணிப் பார்த்தேன். எட்டாவது சுற்று முடிகிற இடத்தில் தலையை ஆட்டுகிறான், கிட்டார் எழும்புகிறது.

பயத்தில் கை ஓடாமல் இருந்திருக்கலாம். வேறு என்ன வாசிப்பது என்று மூன்று நாளில் தோன்றாமல் போயிருக்கலாம். தேர்வு முடிவு வாங்க அவன் பள்ளிக்கு வருவான். கேட்கலாமா என்று யோசிக்கிறேன். வீடியோ இன்னும் என் போனில்தான் இருக்கிறது.