மாவுக்கட்டில் ஒரு ஜன்னல், நாளுக்கு 20 நிமிடம்

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பான டிபியா முறிந்து மாவுக்கட்டு போட்டவருக்கு, எலும்பு சீக்கிரம் கூடட்டும் என்று குறைந்த செறிவு அல்ட்ராசவுண்ட் கொடுப்பதில் பாதிப் பாடு இடம் குறிப்பதிலேயே போய்விடும். எக்ஸ்ரேயில் அளந்ததை அப்படியே கட்டின் மேல் குறித்தால் தவறும். படத்தில் எலும்பு சற்றுப் பெரிதாகத்தான் விழும். அதனால் முறிவு இருக்கும் என்று தோன்றும் இடத்தில் ஒரு ஜெம் கிளிப்பை பிளாஸ்திரியால் ஒட்டி இன்னொரு படம் எடுத்துவிடுகிறோம். கிளிப்பும் முறிவுக் கோடும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்த்து, பேனாப் புள்ளியை நகர்த்தினால் போதும். காலின் உள்பக்க முன்புறம் வசதி. அங்கே தோலுக்கு அடியிலேயே எலும்பு. கருவியின் முகப்பு 2 செ.மீ. சொச்சம் விட்டம்தான், இரண்டு விரல்கடை தள்ளிப் போனாலே அலை முறிவில் படாது.

கருவியைத் தோலில் வைக்கக் கட்டில் திறக்கும் ஜன்னலை எலும்பு மருத்துவப் பிரிவில்தான் வெட்ட வேண்டும், வீட்டுக் கத்தியால் கூடவே கூடாது. வெட்டி எடுத்த துண்டை எறியாதீர்கள். சிகிச்சை முடிந்ததும் பஞ்சோ ஃபெல்ட்டோ வைத்து, அதே துண்டால் மூடிக் கட்ட வேண்டும். திறந்தே விட்டால் சுற்றிலும் கட்டு அழுத்த, தோல் அந்தச் சதுரத்தின் வழியே பிதுங்கி வீங்கும். ஓரம் அறுத்துப் புண்ணாகும்.

அடுத்தது ஜெல். மாவோ பஞ்சோ நடுவில் நின்றால் அலை உள்ளே போகாது. காற்றுக் குமிழி அதைவிட மோசம், அலை முழுதும் திரும்பிவிடும். முகப்பு நிறையத் தடவி, தோலில் அழுந்தப் பதித்து, பிடிப்பானைப் பூட்டி, 20 நிமிடம் அசையாமல் விட வேண்டும். அளவுகள் கருவியிலேயே நிலையாக இருக்கும்: 1.5 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 1,000 துடிப்பு, ஒவ்வொன்றும் 200 மைக்ரோவினாடி, சதுர செ.மீ.க்கு 30 மில்லிவாட். சூடு தெரியாது, அதிர்வும் தெரியாது. "ஒன்னுமே தெரியலையே" என்று கேட்காதவர் குறைவு. தெரியாமல் இருப்பதுதான் சரி.

இதை பிசியோதெரபி அல்ட்ராசவுண்டோடு குழப்புவதுதான் பெரிய ஆபத்து. அது வழக்கமாக சதுர செ.மீ.க்கு 0.5 முதல் 2 வாட் வரை ஓடும். சூடு ஓரிடத்தில் சேராதிருக்கத்தான் தலைப்பகுதியை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கருவியை முறிவின் மேல் அசையாமல் வைத்தால் எலும்பு உறை சூடேறி வலி உயிர் போகும், திசுவும் வெந்துபோகலாம்.

பலன் எவ்வளவு? 1994-இல் வெளிவந்த சோதனையில், மாவுக்கட்டில் இருந்த டிபியா முறிவுகள் 154 நாளுக்குப் பதில் 96 நாளில் கூடின. 1997-இல் மணிக்கட்டு முறிவில் 98 நாள் 61 ஆனது. இரண்டும் சிறிய சோதனைகள். 2016-இல் ஆணி பொருத்திய 501 டிபியா முறிவுகளைப் பார்த்தபோது, எலும்பு கூடுவதிலும் நடமாட்டம் திரும்புவதிலும் வித்தியாசமே இல்லை. மறு ஆண்டே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், இதைத் தர வேண்டாம் என்றது. ஆகவே அறுவை செய்து ஆணி போட்ட புது முறிவுக்கு இதற்காகக் கடன் வாங்காதீர்கள் என்றே சொல்வோம். ஒன்பது மாதமாகியும் கூடாத நீள எலும்பு வேறு விஷயம். அதற்கு மறு அறுவைக்கு முன் முயன்று பார்க்க இடமுண்டு.

தொடங்கியவர் ஒரு காலண்டரில் தினமும் நேரத்தைக் குறித்து வையுங்கள். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் 40 நிமிடம் வைப்பது ஈடாகாது. விரல் நீலம் பாய்ந்தால், மரத்தால், வலி கூடினால் அன்றே கட்டைக் காட்டுங்கள். இரு கோண எக்ஸ்ரேயில் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது புது எலும்பு பாலம் போட்டு, காலை ஊன்றும்போது முறிவிடத்தில் வலி இல்லையென்றால், கருவியை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.