போயிடுச்சும்மா

"என் வீட்டுக்குப் பூட்டே கிடையாதே தம்பி" என்று அந்தம்மா சொன்னார். "பொட்டலம் போயிடுச்சும்மா" என்று நான் சொன்னேன். எங்களுக்குள் நடந்த பேச்சில் மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது. இந்த இரண்டு வரி மட்டும் போகமாட்டேன் என்கிறது. அவர் சொன்னது உண்மையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நான் சொன்னது பொய் என்று சொல்லும்போதே தெரியும்.

பொட்டலம் போகவில்லை. எனக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பைக்குள் இருந்தது. மூன்றே முக்காலுக்கு நானே மூடிய பை. வாயைச் சுருட்டி, பிளாஸ்டிக் சீல் போட்டு இறுக்கி, பார்கோடு லேபிளைக் கோத்து வைத்திருந்தேன். அந்தம்மா தபால் அலுவலகத்தில் என் கவுன்டருக்கு வந்தபோது மணி நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும். மெயில் வேன் வருவது நாலரைக்கு.

அதற்கு முன் அவர் முக்கால் மணி நேரம் ஆதார் வரிசையில் நின்றிருக்கிறார். மேலே பலகை தொங்குகிறது, ஆனால் அவரால் அதைப் படிக்க முடியாது. படிக்கத் தெரியாதவர் இல்லை, கண் தெரியவில்லை. கண் சிகிச்சை முகாமில் பார்த்து, கனத்த பவரில் கண்ணாடி செய்து தபாலில் அனுப்புகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கண்ணாடிதான் பொட்டலத்தில் இருந்தது. அவர் உள்ளே நுழைந்தபோது என் பை இன்னும் வாய் திறந்துதான் இருந்தது. வாசலில் யாராவது ஒருவர் "என்ன விஷயம்மா?" என்று கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது. கேட்டிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

பக்கத்து வீட்டுப் பையன் போனில் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்து, கரண்ட் அட்டையின் பின்பக்கத்தில் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தான். முதலில் இரண்டு எழுத்து, அப்புறம் ஒன்பது எண், கடைசியில் ஐ.என். தட்டிப் பார்த்தேன், கணினி ஏற்கவில்லை. அந்த ஒன்பதில் கடைசி எண் சரிபார்ப்புக்காகச் சேர்ப்பது. முன்னால் உள்ள எட்டில் ஒன்று பிசகினாலும் கணக்கு உதைக்கும். பையனின் 1 எல்லாம் 7 மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு மூன்றாவது முறை பிடித்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அவரை விரட்டி அனுப்பவில்லை. நாலு பேர் பின்னால் நிற்கும்போது, உதவ வேண்டும் என்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். அப்படிப் பார்த்தவன்தான் அடுத்த நிமிடம் பொய்யும் சொன்னேன். இது இரண்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

திரையில் வரிசையாக வந்தது. டெலிவரிக்குக் கொண்டுபோனது, 'வீடு பூட்டியிருந்தது', மறுநாளும் அதே. அப்புறம் ஏழு நாள் டெபாசிட், அதாவது எங்கள் அலுவலகத்திலேயே வைத்திருந்தது. எட்டாம் நாளான இன்றைக்கு, அனுப்பியவருக்கே திருப்பம். கடைசி வரியில் பை மூடிய நேரம்.

"வீடு பூட்டியிருந்துச்சுன்னு போட்டிருக்கும்மா."

அப்போதுதான் அந்தப் பூட்டு வரியைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நான் ஏதோ வேறு வீட்டைப் பார்த்துவிட்டேன், எடுத்துச் சொன்னால் திருத்திக்கொள்வேன் என்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார்.

அந்தப் பகுதியின் போஸ்ட்மேனை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். அந்த வாரம் பக்கத்து பீட்காரர், அதாவது அடுத்த பகுதியின் போஸ்ட்மேன், மருத்துவ விடுப்பு. இவர் இரண்டு பீட்டையும் சேர்த்து அலைந்துகொண்டிருந்தார். 1972 ஆகஸ்டு 15-ஆம் தேதி வந்த ஆறு இலக்க பின்கோடு, நாட்டின் எந்த மூலையில் போட்ட பொட்டலத்தையும் எங்கள் அலுவலகம் வரை தவறாமல் கொண்டுவந்துவிடும். அதற்கப்புறம் வாசல் வரை கொண்டுபோவது போஸ்ட்மேனின் ஞாபகமும் காலும்தான். எந்தச் சந்தில் எத்தனையாவது வீடு, எந்தக் கதவு எண் மாறியது, யார் குடிமாறினார்கள் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. செல்போன் செயலியில் ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் போடாமல் அன்றைய கணக்கை முடிக்க முடியாது. பூட்டியிருந்தது, ஆள் இல்லை, முகவரி போதவில்லை, வாங்க மறுத்தார் என்று பட்டியல் வரும். 'அந்தச் சந்துக்குள் போக நேரம் இல்லை' என்று ஒரு வரி அதில் இருக்காது.

அவர் போகாமலே போட்டார் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் கேட்டேன். "போனேன், கூப்பிட்டேன், யாரும் வரலை" என்றார். சீட்டு வைத்தீர்களா என்றேன். "சொருகிட்டுத்தான் வந்தேன்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கண் தெரியாதவர் வீட்டுக் கதவில் சொருகிய அறிவிப்புச் சீட்டு காற்றில் போயிருக்கலாம், காலடியில் கிடந்திருக்கலாம். வைக்காமலே இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன். நினைத்ததைக் கேட்காமல் விட்டேன்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். மூடிய பையை நான் ஏன் திறக்கவில்லை? திறந்தால் போஸ்ட்மாஸ்டரிடம் சொல்ல வேண்டும், அவர் அன்று மதியமே தலைமை அலுவலகம் போய்விட்டார். கணினியில் மூடியதைத் திறந்து, அந்த ஓர் உருப்படியை நீக்கி, பட்டியலை மறுபடி எடுத்து, புது சீல், புது லேபிள் போட வேண்டும். இருபது நிமிட வேலை. கவுன்டரில் நான் ஒருவன். வேன் தவறினால் அந்தப் பையில் இருந்த முப்பத்தைந்து பேரின் தபாலும் ஒரு நாள் தள்ளிப்போகும். இவ்வளவும் உண்மை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் பையைத் திறப்பேனா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் பையைத் திறக்காததற்குத்தான் இந்தக் காரணங்கள். "போயிடுச்சு" என்று சொன்னதற்கு இதில் ஒன்றும் பொருந்தவில்லை. "இதோ இருக்கும்மா, ஆனா மூடிட்டோம், இப்ப எடுக்க வழியில்லை" என்று சொல்லியிருக்கலாம். அவர் கெஞ்சியிருப்பார். வரிசையில் நின்ற ஒருவர் சத்தம் போட்டிருப்பார். ஒருவேளை நான் திறந்தும் இருப்பேன். அதைத் தவிர்க்கத்தான் அந்த ஒரு சொல். சொல்லும்போது கழுத்து தானாகப் பின்பக்கம் திரும்பப் பார்த்தது. திருப்பாமல் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் கணக்குப்படி பார்த்தால் அது பொய்யும் இல்லை. பை மூடிய நிமிடமே பொட்டலம் எங்கள் அலுவலகக் கையிருப்பிலிருந்து போய்விட்டது. ஏட்டில் போனது போனதுதான், தரையில் எங்கே இருந்தாலும். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்ததில் ஏட்டைத்தான் உண்மை என்று நம்பப் பழகியிருக்கிறேன். கோர்ட்டும் அப்படித்தான் நம்புகிறது. சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டால், மாறாக நிரூபிக்கும்வரை அது சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்கிறது. செக் திரும்பிய வழக்கொன்றில் 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, பணம் கேட்டு அனுப்பி, 'வீடு பூட்டியிருந்தது' என்று திரும்பி வந்த நோட்டீஸையும் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்பதை உறுதி செய்தது. வெயிலில் நின்று ஒரு போஸ்ட்மேன் போடும் அந்தக் குறிப்புக்கு அவ்வளவு எடை. அதே தீர்ப்பு ஒரு வழியும் விட்டிருக்கிறது. நோட்டீஸ் எனக்கு வரவே இல்லை என்பவர், சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டி வழக்கிலிருந்து தப்பலாம். பணம் கொடுக்க வேண்டியவருக்கே அப்படி ஒரு மறுவாய்ப்பு இருக்கிறது. என் கவுன்டரில் நின்றவர் யாருக்கும் ஒன்றும் கொடுக்க வேண்டியவர் இல்லை. அவருடைய பொருளைத்தான் கேட்டார்.

அனுப்பியவரின் முகவரியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "பையன்கிட்ட காட்டி போன் பண்ணச் சொல்லுங்க, மறுபடி அனுப்புவாங்க" என்றேன். "சரிப்பா, உனக்குப் புண்ணியமா போகும்" என்று சொல்லிவிட்டு, கவுன்டர் விளிம்பைத் தடவிக்கொண்டே வெளியே போனார். அவர் படி இறங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் வேன் வந்தது, அதுவும் தாமதம். பையை நான்தான் தூக்கிப் போட்டேன்.

ராத்திரி எட்டரைக்கு மனசு கேட்கவில்லை. பைகள் போய்ச் சேர்ந்து தபால் பிரிக்கும் ஆர்.எம்.எஸ்ஸில் நைட் செட்டில் இருந்த நண்பருக்குப் போன் போட்டேன். நம்பரைச் சொல்லி, "பையிலிருந்து தனியா எடுத்து வைக்க முடியுமா? காலையில நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். பின்னால் பைகள் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "ஏத்தியாச்சுப்பா" என்றார்.

ஏற்றியிருக்கலாம். ஆனால் அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். அன்று சாயங்காலம் என் வாயிலிருந்து வந்ததே, அதே இழுப்பு. "நிஜமாவா?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

அதன்பிறகு தினமும் காலையில் அந்த நம்பரைத் தட்டிப் பார்த்தேன். நாலாம் நாள், அனுப்பியவரிடம் கொடுக்கப்பட்டது என்று வந்தது. மறுபடி அனுப்பினால் புது நம்பரில்தான் வரும், அது எனக்குத் தெரிய வழியில்லை. ஒரு மாதம் பீட் பிரிக்கும்போதெல்லாம் அந்தச் சந்தின் பெயரைத் தேடினேன். என் கண்ணில் படவில்லை. நடுவில் ஐந்து நாள் விடுப்பில் இருந்தேன், அப்போது வந்திருக்கலாம். போஸ்ட்மேனைக் கேட்டிருக்கலாம். கேட்டால் பழைய கதையைக் கிளறுகிறேன் என்று நினைப்பார் என விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சந்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று வீட்டில் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. பூட்டு இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

இல்லை. இரண்டு பலகையை ஆணி அடித்துச் சேர்த்த கதவு. தாழ்ப்பாள் இல்லை, நாதாங்கி இல்லை. நிலையில் ஒரு ஆணி, கதவில் ஒரு கம்பி வளையம். வளையம் வெளியிலிருந்து ஆணியில் மாட்டியிருந்தது. அந்தம்மா வெளியே போயிருக்கிறார். கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரவில்லை. அந்த நிமிடம் கையில் செயலி இருந்திருந்தால் நானும் அந்தப் பட்டியலில் அதே வரியைத்தான் தொட்டிருப்பேன்.

பக்கத்து வீடும் சாத்தியிருந்தது. சட்டைப் பையில் பேனா இருந்தது, துண்டுத்தாளும் இருந்தது. இன்னார் வந்தேன், கண்ணாடி வந்ததா, வராவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று எழுதிக் கதவிடுக்கில் சொருகலாம் என்று தாளை விரித்தேன். எழுதினால் அவரால் படிக்க முடியுமா என்று தெரியவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பி வளையத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.